கலாசாலை மாணாக்கரும் அவர்க்குற்ற துணையும்



ஆனி பிறந்து கலாசாலைகள் திறக்குங் காலம் வந்துவிட்டால், இத்தமிழ்நாட்டிலுள்ள சாதிச் சங்கங்கள் எல்லாவற்றின் காரியாலயங்களிலும் விண்ணப்பங்கள் வந்து குவிதல் ஆண்டுதோறும் நாம் காண்பதொன்று. ஒரு பையனுக்கு விடுதியில் இடம் வேண்டும். மற்றொருவனுக்குச் சம்பளம் கட்டப் பணம் வேண்டும். ஒரு பெண்ணுக்கு உபகாரச் சம்பளம் வேண்டும். இவற்றையே நம் பாட்டன்மார் கேட்டனர். இவற்றையே நாமும் இயன்றவரை கொடுத்து வருகின்றோம். ஆயினும், சோற்றாலும் படுக்கையாலும் பணத்தாலும் தீராத துன்பம் ஒன்று மாணாக்கர்க்கு உண்டு. அஃது எந்த விண்ணப்பத்திலும் எழுதப்பெறுவதில்லை. பரீக்ஷையில் தவறியவன் வீட்டுக்குச் சொல்ல அஞ்சி அறையைத் தாழிட்டுக்கொள்கின்றான். தாயை இழந்தவள் ஒரு திங்கள் கழித்து வகுப்பில் வந்து அமர்ந்து, ஒரு சொல்லும் காதில் ஏறாமல் எழுந்து போகின்றாள். சாதியின் பேராலோ மொழியின் பேராலோ உடன்பயில்வோர் நகைக்க, உணவுக்கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிடுபவனும் உளன். இத்தகையோர்க்கு நம் நாட்டில் எவர் துணை நின்றனர், எங்கே அத்துணை தவறிற்று என்னுஞ் சரித்திரத்தை ஒருவாறு தொகுத்து எழுத எண்ணுகின்றேன்.

செம்பரம்பாக்கத்தில் இருப்போர்க்கு இவ்வாராய்ச்சி வெகு தூரத்துக் கதையன்று. ஏரியும் நெல்வயலுமே நம் ஊருக்கு அடையாளமாயிருந்த காலம் போய், பூவிருந்தவல்லியிலிருந்து திருமழிசை, தண்டலம் வழியாகத் திருப்பெரும்பூதூர் செல்லும் பெருஞ்சாலையின் இருமருங்கும் இன்று பொறியியற் கல்லூரிகளும் மருத்துவக் கல்லூரிகளும் நிறைந்துள்ளன. 1984, 1985-ம் ஆண்டுகளில் தனியார்க்குத் தொழிற்கல்லூரி நடத்த இடங்கொடுத்தபின் விளைந்த மாறுதல் இது. தென்பாண்டி நாட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் ஆந்திர தேசத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் விடுதிகளிலும், நம்மவர் மாடிமேற் கட்டி வாடகைக்கு விட்ட அறைகளிலும் குடியிருக்கின்றனர். வாடகை வாங்குகின்றோம், அவர்கள் உண்டார்களா உறங்கினார்களா என்று கேட்பவர் நம்முள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

பழைய காலத்தில் வித்தைக்குத் துணை என்றால் அன்னமே. சத்திரத்தில் ஒருவேளைச் சோறு, திண்ணையில் படுக்கை, இவற்றைக்கொண்டே பல தலைமுறைகள் கற்றுத் தேறின. இவ்வறத்தினின்று ஆங்கிலக் கல்விக்குப் பாலமிட்டவர் பச்சையப்ப முதலியார் எனலாம். அதுவும் அவர் காலத்துக்குப் பின்னரே. 1794-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் தம் பொருளைத் தருமத்துக்கு எழுதிவைத்துக் காலஞ்சென்றார். அப்பொருள் ஏறக்குறைய அரை நூற்றாண்டு வழக்குகளிற் சிக்கிக் கிடந்து, சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பாலும் அட்வொகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்பாரின் முயற்சியாலும் மீட்கப்பெற்று, 1842-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று ஒரு பாடசாலையாக மலர்ந்தது. அதுவே பிற்காலத்துப் பச்சையப்பன் கல்லூரி. 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியது. ஆனால் அந்நாளைய சர்வகலாசாலை என்பது பெரும்பாலும் பரீக்ஷை நடத்திப் பட்டம் அளிக்கும் சபையே. மாணாக்கன் எங்குத் தங்கினான், என்ன உண்டான், என்ன நினைந்து வருந்தினான் என்பவை அதன் கணக்கில் சேரவில்லை.

அக்கணக்கில் சேராத மாணாக்கர்களுள் ஒருவர் கணித மேதை ஸ்ரீநிவாச இராமாநுஜன். அவர் பெருமையை எல்லோரும் பேசுகின்றோம். அவர் ஒரு மாணாக்கராகப் பட்ட பாட்டைப் பேசுவோர் சிலரே. 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கொன்றிலேயே மனம் படிந்து மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால், ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தவறி, அவ்வுபகாரச் சம்பளத்தை இழந்தார். தகப்பனார் துணிக்கடையிற் கணக்கெழுதி மாதம் ஏறக்குறைய இருபது ரூபாய் பெற்றவர். சம்பளம் கட்ட வகையில்லை. அடுத்து நடந்ததை உற்று நோக்குக. 1905-ம் ஆண்டில் அப்பதினேழு வயதுப் பிள்ளை ஒருவரிடமும் சொல்லாமல் இரயிலேறி விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். வீட்டார் பத்திரிகையில் அறிவித்துத் தேடவேண்டியதாயிற்று. இன்றைய மனநல வைத்தியர் ஒருவர் இதனைக் கேட்டால், உதவி கேட்கத் தெரியாத ஒருவன் எழுப்பிய ஓலம் இஃது என்பார். அன்று அதனை ஓலமாகக் கேட்டவர் இலர். பையன் திரும்பி வந்தான்; அவ்வளவே.

1906-ல் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். நோய் குறுக்கிட்டது. எப்.ஏ. பரீக்ஷையில் கணக்கில் மேம்பட்டும், உடற்கூற்றுப் பாடம் முதலியவற்றில் தவறினார். மறு ஆண்டும் தவறினார். ஒரு பாடத்தில் வீழ்ந்தவன் எல்லாவற்றிலும் வீழ்ந்தவனே என்பது அந்நாளைய சட்டம். வீழ்ந்த பாடத்தை மட்டும் அடுத்த மாதமே எழுதித் தேறலாம் என்றிருந்தால் என்னாயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வீண் கற்பனை அன்று. அவ்வேற்பாடு நம் நாட்டில் ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து வந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இராமாநுஜனைக் கரையேற்றியது எது? பரீக்ஷைச் சபையன்று, உறவினருமன்று. 1910-ம் ஆண்டிறுதியில் நெல்லூர்க் கலெக்டராயிருந்த திவான் பகதூர் இராமச்சந்திர ராவ் அவர்கள், அவர் கொண்டுவந்த கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டார். கவலையின்றி ஆராய்ச்சி செய்வதற்கு உணவுக்கு வழி இருந்தாற் போதும் என்பதே விடை. மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து அனுப்பி வந்தார். சர்ட்டிபிகேட்டும் கேட்கவில்லை, குலமும் விசாரித்துப் பதிவு செய்யவில்லை. பின்னர் 1912-ல் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் மாலைதோறும் உடனிருந்து கணக்குப் பார்த்தார். உதவி என்பது சில வேளை பணத்தினும் இவ்வாறு பக்கத்தில் அமர்தலேயாம். 1913-ல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. பட்டம் பெற்றவர்க்கே அஃது உரியது என்பது விதி, இவரோ எப்.ஏ. தேறாதவர். விதியின் எழுத்தை விட்டு அதன் நோக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சிண்டிகேட்டில் எடுத்துரைத்தவர் நீதிபதி பி. ஆர். சுந்தரமையர். நம் சங்கங்களின் உபகாரச் சம்பள விதிகளை எழுதுவோர் இந்நிகழ்ச்சியை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நலம்.

இங்ஙனம் பணத்துன்பம் நீங்கியவர் 1914-ம் ஆண்டு மார்ச்சு 17-ந் தேதி கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே நேர்ந்ததைச் சொல்லுமுன், அக்காலத்தில் சீமைக்குச் சென்ற இந்திய மாணாக்கர்க்கென ஏற்பட்டிருந்த ஒரு காரியாலயத்தைப் பற்றிச் சில கூறவேண்டும். 1909-ல் லண்டனில் இந்தியா ஆபீஸார் ஒரு விசாரணைச் சாலையைத் தோற்றுவித்தனர். கிராம்வெல் ரோட்டில் அதற்கு ஒரு மனையும் அமர்த்தினர். தங்கும் இடம் காட்டுதல், எக்கல்லூரியில் எதைப் படிக்கலாம் என்று ஆலோசனை கூறுதல், ஊரிலுள்ள பெற்றோர்க்கு எழுதுதல் ஆகியவை அதன் வேலை. இந்தியாவிலும் மாகாணந்தோறும் ஆலோசனைச் சபைகள் அமைந்தன. சென்னைச் சபைக்குக் காரியதரிசியாயிருந்த ஆர்தர் டேவிஸ் என்பவரே 1913-ல் இராமாநுஜனை முதலிற் கண்டு, சீமை வர இசைவீரா என்று கேட்டவர். அவர் அப்போது இசையவில்லை. மாணாக்கர்க்கு ஆலோசனை கூறவென்றே சர்க்கார் ஒரு நிலையம் வைத்தது இந்திய மாணாக்கர் சரித்திரத்தில் புதியதொரு செய்கை.

ஆயினும் அந்நிலையத்துக்கு மாணாக்கர் மனமுவந்து செல்லவில்லை. காரணம் வெளிப்படை. தேசபக்தி மிகுந்த இளைஞர் லண்டனிற் கூடிப் பேசிய காலம் அது; அவர்களைக் கண்காணிக்கவே இவ்வேற்பாடு என்று அவர்கள் ஐயுற்றனர். 1921, 1922-ம் ஆண்டுகளில் இந்திய மாணாக்கர் நிலையை விசாரித்த லிட்டன் பிரபுவின் கமிட்டியும் இவ்வையத்தை எடுத்துக் குறித்தது. ஆலோசனை சொல்லுபவரே மேலிடத்துக்கு அறிக்கை எழுதுபவருமாயிருந்தால், அவரிடம் வாய்திறப்பார் யார்? இவ்வொரு செய்தியை இக்கட்டுரை முழுதும் படிப்போர் மனத்திற் கொள்ள வேண்டுகின்றேன். நம் விடுதிகளுக்கும் இது பொருந்தும் என்பதைப் பின்னர்க் காட்டுவேன்.

கேம்பிரிட்ஜில் இராமாநுஜனுக்குப் பணக்குறை இல்லை. ஆண்டுக்கு 250 பவுன் கிடைத்தது, அதில் ஒரு பகுதி தாயார்க்கு இங்கே கொடுக்கப்பெற்றது. ஹார்டி என்னும் பேராசிரியர் அவரை உயிர்போற் போற்றினார். எனினும் சைவ உணவினராகிய அவர் தாமே சமைத்து உண்ணவேண்டியிருந்தது. 1914-ல் மூண்ட யுத்தத்தால் காய்கறியும் அருகின. மனைவி ஜானகியம்மாள் எழுதிய கடிதங்களை மாமியார் தடுத்துவிட்டார் என்பர்; ஊரிலிருந்து ஆறுதல் மொழி வருவதும் அரிதாயிற்று. ஒருநாள் தம் அறைக்கு விருந்தினரை அழைத்துத் தாமே ரசம் வைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை பரிமாற வந்தபோது அவர்கள் போதும் என்றனர். சற்றைக்கெல்லாம் விருந்தளித்தவரைக் காணவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து ஐந்து பவுன் அனுப்புமாறு தந்தி வந்தது. ரசத்தை மறுத்ததற்காகவா ஒருவர் ஊரைவிட்டுப் போவார் என்று நகைத்தல் எளிது. விசாகப்பட்டினம் சென்ற பதினேழு வயதுப் பிள்ளையே மீண்டும் ஓடினான் என்று அறிவதற்கு, அவன் பழைய கதையைக் கேட்டறிந்த ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும். ஹார்டியோ, கணக்கைத் தவிர வேறொன்றைப் பற்றியும் அவரிடம் மிகுதியாய்ப் பேசியவரல்லர்.

1917-ல் நோய்ப்பட்டு வைத்திய விடுதிகளிற் கிடந்தார். 1918-ன் தொடக்கத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று, தெய்வாதீனமாகத் தப்பினார். போலீஸார் பிடித்துச் சென்றனர்; அந்நாளில் இங்கிலாந்தில் அது தண்டனைக்குரிய குற்றம், 1961 வரை அச்சட்டம் நீங்கவில்லை. ஹார்டி ஓடிச்சென்று, இவர் ராயல் சங்கத்து அங்கத்தினர், இவரைச் சிறைவைத்தலாகாது என்று கூறி மீட்டதாக வானநூற் பேரறிஞர் சந்திரசேகர் எழுதியுள்ளார். உண்மையில் அவ்வங்கத்தினர் பதவி அச்சமயம் இன்னும் உறுதியாகவில்லை. சில மாதங்கழித்தே வந்தது. அதே ஆண்டில் டிரினிடிக் கல்லூரியின் பெல்லோவும் ஆனார். 1919-ல் தாய்நாடு திரும்பி, 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி 32-ம் வயதிற் காலமானார். பெருமை வந்தபோது ஆள் தேய்ந்திருந்தார்.

இனி, அதே காலத்தில் நம் நாட்டுச் சமூகங்கள் செய்தவற்றை நோக்குவோம். 1905-ல் சுவாமி இராமகிருஷ்ணாநந்தர், பெற்றோரை இழந்த சில சிறுவர்களைக் கொண்டு மயிலாப்பூரில் மாணவர் இல்லம் தொடங்கினார். அஃது இன்றளவும் நடந்து வருகின்றது. 1910-ல் பொறையாறு இரத்தினசாமி நாடார் அவர்களின் முயற்சியால் எழுந்த நாடார் மகாஜன சங்கம் மாணாக்கர்க்குக் கடனாகப் பொருளுதவி, உத்தியோகம் பெற்றபின் திரும்பப் பெற்று அடுத்தவர்க்கு அளிக்கும் முறையைக் கையாண்டது. வாங்குவோனை இரவலனாக்காத இம்முறை மெச்சத்தக்கது. சிதம்பரத்தில் சுவாமி சகஜாநந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். ஆதிதிராவிட மாணாக்கர்க்கு மற்ற விடுதிகளிற் பந்தியும் இல்லை, படுக்கையும் இல்லை என்றிருந்த நாளில், அவர்களுக்குப் படிப்பும் உறைவிடமும் ஒருங்கே கிடைத்த இடங்களுள் அது தலையாயது. 1920-ஐ ஒட்டி லேபர் கமிஷனர் இலாகாவும் அவர்களுக்கென விடுதிகளை அமைக்கலாயிற்று.

பெண்பாலார் பொருட்டுச் செய்யப்பட்டவை இன்னும் அரியன. சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் பதினொரு வயதளவில் மணமாகி உடனே கைம்மை எய்தியவர். பிரசிடென்ஸி கல்லூரியிற் பயின்று 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். தம்மைப்போல் கைம்மையுற்ற சிறுமியர் சிலரைத் தம் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கத் தொடங்கி, பின்னர்க் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹௌஸ் மாளிகையில் அவர்களுக்கு விடுதி நடத்தினார். (விவேகாநந்தர் 1897-ல் தங்கிய மாளிகையும் இதுவே.) அங்கிருந்து பெண்கள் 1914-ல் தொடங்கப்பெற்ற இராணி மேரி கல்லூரி வரை சென்று கற்றனர். அவ்வம்மையார் செய்த உதவியுள் பெரியது எது என்று கேட்டால், சோறு அன்று என்பேன். எதிரே வந்தால் அபசகுனம் என்று பிறர் ஒதுங்கிய பெண்ணுக்கு, அவள் பட்டதையெல்லாம் தானும் பட்ட ஒருத்தி எதிரே அமர்ந்திருந்தாள் என்பதே அது. ஆயினும் அவ்விடுதி பிராமணச் சிறுமியர்க்கே உரியதாயிருந்தது. 1930-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அவ்வை இல்லம் தொடங்கியதற்கு வேறொரு காரணம் கூறுவர்: தேவதாசி மரபிற் பிறந்து, அவ்வாழ்வை வேண்டாவென்று வந்த பெண்பிள்ளைகளைப் பிராமணர் விடுதியும் ஏற்கவில்லை, பிராமணரல்லாதார் விடுதியும் ஏற்கவில்லை, ஆகவே தம் மனையிலேயே வைத்துக் காத்தார்.

சாதி விடுதிகளின் குணமும் குற்றமும் இங்கே ஒருங்கே விளங்குகின்றன. பட்டிக்காட்டிலிருந்து தகரப் பெட்டியோடு எழும்பூரில் வந்திறங்கிய பையனுக்கு, தன் தகப்பன் பேரை அறிந்த ஒருவர் பட்டணத்தில் இருக்கிறார் என்னும் நினைவே பாதித் துணை. அதனை எந்தச் சர்க்கார் விடுதியும் தர இயலாது. ஆனால் தகப்பன் பேரை அறிந்தவர் தகப்பனுக்குக் கடிதமும் எழுதுவார்! பரீக்ஷையில் வீழ்ந்ததையோ, ஒரு பெண்ணிடம் மனம் வைத்ததையோ, தூக்கமின்றித் தவிப்பதையோ காப்பாளரிடம் சொன்னால், அடுத்த கலியாணப் பந்தியில் அது பேச்சாகும் என்று பையன் அறிவான். குலப்பெருமை என்று நாம் சொல்லும் பொருள் அவனுக்கு வாய்ப்பூட்டாக அமைகின்றது. கிராம்வெல் ரோட்டு நிலையத்தில் அரசியல் ஒற்று என்ற அச்சம். நம் விடுதியில் உறவின் ஒற்று என்ற அச்சம். வேற்றுமை பெரிதன்று.

சுயராஜ்யத்துக்குப் பின் சோறும் பணமும் பெரும்பாலும் சர்க்காரின் கடமையாயின. ஆதிதிராவிடர், பிற்பட்டோர் விடுதிகள் மாவட்டந்தோறும் பெருகின. குடும்பத்தில் முதற்பட்டதாரியாக வருவோர்க்குத் தொழிற்கல்லூரிக் கட்டணச் சலுகை 2010-ம் ஆண்டளவில் வந்தது. அரசாங்கப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டங்கள் ஏற்பட்டன. நம் பக்கத்துப் பூவிருந்தவல்லியில் சுதந்திரத்துக்கு முன்னரே தோன்றிய கண்பார்வையற்றோர் பள்ளியை நம்மவர் அறிவர். அங்கிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகட்குப் பாடத்தைப் படித்துச் சொல்ல ஒருவரும், பரீக்ஷையில் எழுத ஒருவரும் வேண்டும். 2016-ம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகட்கு நூற்றுக்கு ஐந்து இடங்களை ஒதுக்கிற்று. சட்டம் இடம் தரும். படித்துச் சொல்லும் வாய் அண்டை அயலாரிடமிருந்தே வரவேண்டும்.

செவி கொடுக்கும் அறம் தனியே வேறொரு வழியில் வந்தது. 1953-ல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், சாக எண்ணுவோர் தமக்குத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்தார். வந்தவர்கள் பலர், பாதிரியாரைக் காணக் காத்திருந்தவர்கட்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாயிருக்கச் சில தொண்டர்கள் அமர்ந்தனர். நாளடைவில் ஓர் அதிசயம் தெரிந்தது. தேநீர் குடித்துத் தொண்டரிடம் மனம் விட்டுப் பேசியவர்களுட் பலர் பாதிரியாரைக் காணாமலே ஆறுதலுற்றுத் திரும்பினர். ஆகவே அவர் அப்பணியைத் தொண்டரிடமே ஒப்புவித்தார். அவ்வழியில் நம் சென்னையில் 1986-ம் ஆண்டு டாக்டர் லட்சுமி விஜயகுமார் அவர்கள் சிநேகா என்னும் நிலையத்தைத் தோற்றுவித்தார். அங்கே பேசுவோர் பெயர் கூற வேண்டுவதில்லை. கூறியது வெளியே செல்வதுமில்லை.

அந்நிலையத்தார் செய்த இன்னொரு காரியம் இராமாநுஜன் கதையோடு ஒட்டியது. பள்ளியிறுதிப் பரீக்ஷை முடிவுகள் வெளிவரும் நாட்களில் பிள்ளைகள் உயிர்விடுதல் மிகுவதைக் கண்டு, தவறிய பாடத்தை உடனே மறுபடி எழுத இடமளிக்க வேண்டும் என்று சர்க்காரிடம் வாதாடினர். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசாங்கம் அதனை ஏற்றது. ஓரிரு பாடத்தில் தவறியவன் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதி, ஓராண்டை இழவாமல் அவ்வாண்டே கல்லூரிக்குச் செல்லலாயினன். தோல்வியால் உயிர்விடுவோர் தொகை அதன்பின் குறைந்தது. விதியில் ஒரு வரி மாற்றியதால் காக்கப்பட்ட உயிர்கள் அவை.

வேறு சில மாறுதல்கள் துக்கத்தின் விலை கொடுத்தே வாங்கப்பெற்றன. 1996-ம் ஆண்டு நவம்பரில் அண்ணாமலை சர்வகலாசாலையில் மருத்துவம் பயின்ற நாவரசு என்னும் இளைஞன், மூத்த மாணாக்கனொருவனின் கொடுமைக்குப் பலியானான். அவன் தந்தையார் அப்போது சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தர். மறு ஆண்டே ராகிங் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் சட்டம் பிறந்தது. 2007-ல் தோரட் கமிட்டி, டில்லியிலுள்ள பெரிய மருத்துவக் கல்லூரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணாக்கர் படும் ஒதுக்கத்தை எடுத்துரைத்தது. சாதியின் பேராற் கூடும் சங்கத்தாராகிய நாம் அவ்வறிக்கையைப் பிறர் விஷயமென்று தள்ளிவிடலாகாது. நம் பிள்ளைக்கு நாம் தரும் ஊக்கம் இன்னொருவர் பிள்ளையை நகைக்கும் செருக்காக மாறுமாயின், நாம் உபகாரச் சம்பளம் கொடுத்து வளர்த்தது வித்தையையன்று.

2015-ம் ஆண்டு டிசம்பரில் நம் ஏரியின் கலங்கல்களினின்று அடையாற்றில் இறங்கிய வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. கரையோரத்துப் பிள்ளைகள் புத்தகங்களையும் சான்றிதழ்களையும் ஒருங்கே இழந்தனர். அப்போது சர்வகலாசாலைகள் பரீக்ஷைகளைத் தள்ளிவைத்தன. இழந்த சான்றிதழ்களுக்கு நகல் கொடுக்க அரசாங்கம் முகாம்கள் நடத்திற்று. எல்லோர்க்கும் கண்கூடான துன்பமாயிருந்தால் உதவி எவ்வளவு விரைவில் வருகிறது என்பதற்கு அஃது ஒரு சான்று. கண்ணுக்குத் தெரியாத வெள்ளத்தில் மூழ்குபவனுக்கு அவ்விரைவு கிடைப்பதில்லை. குற்றப்பதிவுக் காரியாலயத்தின் கணக்குப்படி 2022-ம் ஆண்டில் இந்தியா முழுதும் தம் உயிரை மாய்த்துக்கொண்ட மாணாக்கர் 13,044 பேர்.

உயிர்விட முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கிய 1860-ம் ஆண்டுச் சட்டப்பிரிவு, 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தால் வலியிழந்தது. அவன் கடுந்துயரில் இருந்தான் என்றே கொள்ளவேண்டும், அவனுக்குச் சிகிச்சையளிக்க வேண்டும் என்பது இன்றைய நீதி. நூற்றாண்டுக்கு முன் ஹார்டி சொன்ன பொய்க்கு இனி அவசியமில்லை. 2022-ம் ஆண்டு அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம், தமிழிலேயே பேசலாம். 2025-ம் ஆண்டு ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு, நூறு மாணாக்கரும் அதற்கு மேலும் உள்ள கல்விச்சாலை ஒவ்வொன்றும் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று கட்டளையிட்டது. கட்டளை நன்று. ஆலோசகரின் அறை முதல்வர் அறைக்கு அடுத்திருந்து, அவர் எழுதும் குறிப்பு முதல்வர் மேசைக்குச் செல்லுமாயின், கிராம்வெல் ரோடே மீண்டும் எழும்.

சங்கங்களின் விடுதிகள் நூறு பேர்க்குக் குறைந்தவையாயிருக்கலாம். சட்டம் நம்மைத் தொடாமலும் இருக்கலாம். ஆதலால் நிர்வாக சபையார் ஆலோசிக்கும்பொருட்டுச் சிலவற்றை இங்கே எழுதுகின்றேன். மாதம் இருமுறை விடுதிக்கு வந்து பிள்ளைகளிடம் பேச, பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்துக. அவர் நம் சாதியாராய் இராமலிருப்பதே நலம், நம் கலியாணங்களுக்கு வாராதவராயிருந்தால் இன்னும் நலம். அவர் கேட்டதை உயிருக்கு ஆபத்து நேருங்காலத்தன்றிக் காப்பாளரிடமோ பெற்றோரிடமோ கூறலாகாது என்று விடுதி விதியிலேயே எழுதுக. பெண்கள் விடுதிக்குப் பெண்ணொருவரே வரட்டும். ஒரு பாடத்தில் தவறிய மாத்திரத்தில் உபகாரச் சம்பளத்தை நிறுத்தும் விதி எங்கேனும் இன்னும் இருந்தால், அடுத்த பரீக்ஷை வரையில் தொடர்ந்து கொடுக்குமாறு திருத்துக. கும்பகோணத்தில் அவ்விதி யாரைத் தெருவில் நிறுத்திற்று என்பதை மேலே கண்டோம். மாடியறைகளை வாடகைக்கு விட்டிருக்கும் செம்பரம்பாக்கத்து அன்பர்கள், நாலைந்து நாளாகக் கதவு திறவாத அறையைக் கண்டால், வாடகைக்காகவன்றித் தட்டிப் பார்த்து, ஒரு டம்ளர் காப்பி கொடுத்து உடன் அமர்க.

விண்ணப்பத் தாளிலும் ஓரிடம் மாற வேண்டும். பிறந்த ஊர், தகப்பனார் தொழில், ஆண்டு வருமானம், பெற்ற மதிப்பெண் என்று நாம் கேட்பனவெல்லாம் இருக்கட்டும். அவற்றின் கீழே, யாதொரு கேள்வியும் எழுதாமல், 14416 என்னும் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, தாளின் அப்பகுதியைக் கிழித்துப் பையனே வைத்துக்கொள்ளுமாறு துளையிட்டு விடலாம். அச்சுக்கூலி சொற்பமே. வரும் ஆனிக்குள் முடித்துவிடக்கூடிய காரியம்.